வாடிக்கையாளர் எனக் கூறிக்கொள்பவர்

பேருந்து ஓட்டுநருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பின்னாலிருந்து பயணிகள் அழுத்தும் மணி போனது. பிறகு அடுப்பில் பால் பொங்கும் சத்தம் போனது. பிறகு மனைவியின் குரலில் பாதி போனது. அந்தப் பாதியை அவள் கத்திப் பேசி ஈடுகட்டினாள். அந்த வீட்டில் ஓயாத சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில் அவள் துவைக்கப் போட வேண்டிய சட்டை எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்படியே ஓட்டியிருப்பார்கள். ஆனால் பணிமனையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாதக் கடைசியில் எல்லா ஓட்டுநர்களுக்கும் செவிச் சோதனை. தேறாதவர்கள் வண்டியைத் தொடக் கூடாது. அன்றிலிருந்து ஓட்டுநருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் இருக்கும்போதுகூட வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது, எதிரே ஏதோ வந்துவிட்டது போல.

காது மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஒரு கருவியின் பெயரை எழுதிக் கொடுத்தார். அது கடைகளில் கிடைக்காது, தயாரிக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில்தான் வாங்க வேண்டும், பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும் என்றார். அவருடைய நிலைமைக்கு அது போதும், வண்டி ஓட்டலாம் என்றும் சொன்னார். இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஓட்டுநரின் மனைவி திரைச்சீலைக் கடையில் தையற்காரி. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வந்து, அதற்கேற்பத் துணி வெட்டித் தைப்பது அவள் வேலை. அன்று கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கணவர் பெயரிலிருந்த வங்கி அட்டையின் எண்ணைக் கவனமாக அடித்தாள். அவர்களுக்கு இருந்தது ஒரே கணக்கு. அவர் சம்பளமும் அவள் சம்பளமும் அதில்தான் விழும். பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு வங்கியிலிருந்து செய்தி வந்தது: 'உங்கள் பாதுகாப்பிற்காக உங்கள் பணம் உங்களிடமிருந்து காப்பாற்றப்பட்டது. வாழ்த்துகள்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கணவருக்கும் காட்டினாள். அவரும் வாழ்த்துகள் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கியில் 'வாடிக்கையாளர் தகவல் காப்புப் பிரிவு' என்று ஒன்று புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. இணையத்தில் பொருள் வாங்குகிறவர்களின் அட்டை எண்ணையும் கணக்கு விவரத்தையும் திருடர்கள் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. அன்று மதியமே அங்கிருந்து ஒரு சரிபார்ப்பு அதிகாரி தொலைபேசியில் அழைத்தாள். இந்தக் கணக்கிலிருந்து இத்தனை வருடமாகப் பாலும் நூலும் மின்கட்டணமும்தான் வாங்கப்பட்டிருக்கின்றன, காது எதுவும் வாங்கப்பட்டதில்லை, ஆகையால் கணினிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, வாடிக்கையாளர் தம் குரலில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும் என்றாள். தையற்காரி கருவி எதற்கு என்பதை விளக்க முயன்றாள். வாடிக்கையாளர் மட்டும்தான் பேசலாம் என்று பதில் வந்தது. போனைக் கணவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை நல்ல காதில் வைத்துக்கொண்டார். நல்ல காது என்பது கெட்ட காதைவிடக் கொஞ்சம் பரவாயில்லாத காது.

"உங்கள் தாயார் பிறந்த ஊர் எது?" என்றாள் அதிகாரி. காப்புப் பிரிவில் கேள்வி கேட்பவர்கள் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்பது விதி.

ஓட்டுநர் சற்று யோசித்தார். "டயரா? அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பணிமனையிலதான் மாத்துவாங்க."

"உங்கள் அட்டையின் கடைசி நான்கு எண்கள் என்ன?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "சட்டையில கடைசி பட்டன் ஒண்ணு அறுந்துபோச்சு. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

அதிகாரி இரண்டு பதில்களையும் தவறு என்று குறித்துக்கொண்டாள். தையற்காரி போனைப் பிடுங்கினாள். தானே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு, வங்கி மாதாமாதம் அனுப்பும் எச்சரிக்கைகள் நினைவுக்கு வந்தன. வங்கி உங்களைத் தொலைபேசியில் அழைக்காது, விவரம் கேட்காது, கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் தடித்த எழுத்தில் வரும். அவள் விதிகளை மதிக்கிறவள். ஆகவே, யாருக்கும் சொல்லக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மிகவும் சரி. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது," என்றாள் அதிகாரி. "இப்போது நான் கேட்கிறேன், சொல்லுங்கள்."

"நீங்க வங்கியிலிருந்துதான் பேசுறீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"நான் வங்கி என்பதை நான் உங்களிடம் நிரூபிக்க வேண்டுமானால், முதலில் நீங்கள் நீங்கள்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

தையற்காரி போனை வைத்துவிட்டாள். மாலைக்குள் அந்தக் கணக்கில் இரண்டு குறிப்புகள் ஏறின. ஓட்டுநரின் பெயருக்கு எதிரே 'வாடிக்கையாளர் எனக் கூறிக்கொள்பவர்' என்றும், அவள் பெயருக்கு எதிரே 'ஒத்துழைக்காதவர்' என்றும். சந்தேகம் தீரும்வரை கணக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மாதச் சம்பளம் இரண்டும் அதற்குள்தான் இருந்தன.

மறுநாள் இருவரும் வங்கிக்கே போனார்கள். காப்புப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. இரும்புக் கதவு. அதைத் திறக்க ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். மறந்துபோகிற ஊழியர்களின் வசதிக்காக எண்ணைக் கதவுக்கு மேலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அழுத்தும்போது காவலாளி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அதே சரிபார்ப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தாள். இளம் வயது, களைத்த கண்கள். அவளோடு நேரில் பேசினால் எடுபடாது. குரல் சரிபார்ப்பு தொலைபேசி வழியாக மட்டுமே செல்லும். ஆகவே அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஓட்டுநரின் போனுக்கு அழைத்தாள். ஓட்டுநர் இந்தப் பக்கமிருந்து எடுத்தார். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

ஓட்டுநருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. காது மங்கிய இந்த இரண்டு வருடத்தில் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்ளப் பழகியிருந்தார். அவர் அதிகாரியின் உதடுகளைக் கூர்ந்து பார்த்தார். அவளோ கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். உதட்டசைவைப் படிக்கும் திருடர்கள் பெருகிவிட்டதாகப் போன வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது.

ஓட்டுநர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடியில் காதை வைத்துக் கேள்வியைப் பிடித்து, அவர் காதருகே உரக்கக் கத்தினாள்: "அத்தை எந்த ஊர்ல பொறந்தாங்கன்னு கேக்குறாங்க." அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்வதற்குள் அதிகாரி அழைப்பைத் துண்டித்தாள். ஒரு பெண் வாடிக்கையாளரைக் கத்தி மிரட்டிப் பதில் சொல்ல வைக்கிறாள் என்று கணினியில் ஏற்றிவிட்டாள். அதற்கென்று கணினியில் தனிக் கட்டம் இருந்தது.

தையற்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செவிச் சோதனை இருப்பதையும், கருவி இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்பதையும், கருவியை வாங்கினால்தான் அவருக்குக் கேள்வி கேட்கும் என்பதையும், கேள்வி கேட்டால்தான் கருவியை வாங்க முடியும் என்பதையும் அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னாள். அதிகாரி முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. பிறகு அவள் உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தாள்.

காப்பு மேலாளர் உயரமானவர், பளபளக்கும் காலணி போட்டவர். எதையும் மறுக்காதவர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வங்கி நடத்தும் விழிப்புணர்வு முகாமில் ஒரு முறை கலந்துகொண்டால் சந்தேகத்தின் அளவு தானாகக் குறையும் என்றார். முகாம் வெள்ளிக்கிழமை. அனுமதி இலவசம். வாடிக்கையாளர் அல்லாதவர்களும் வரலாம்.

வெள்ளிக்கிழமை ஓட்டுநர் விடுப்பு எடுத்தார். தையற்காரி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். கூடம் நிறைந்திருந்தது. மேலாளர் மேடையேறி, தமது பிரிவு எவ்வளவு பாதுகாப்பானது என்பதை விளக்கினார்.

"ஒரு திருடன் நம்ம வாடிக்கையாளர் மாதிரி நடிக்கணும்னா அவனுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? பொறந்த தேதி, அம்மாவோட ஊர், கார்டு நம்பர், எல்லாம் தெரிஞ்சிருக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க. எல்லாம் தெரிஞ்சவர் எப்படித் திருடனா இருப்பார்? அவர்தானே வாடிக்கையாளர்? இதுதான் நம்ம முறையோட அழகு."

கூடம் கைதட்டியது. பிறகு அவர், ஆபத்தில் இருக்கும் ஒரு கணக்கை உதாரணமாகக் காட்டப் போவதாகச் சொல்லித் திரையை ஒளிரவிட்டார். பெரிய எழுத்தில் ஓட்டுநரின் பெயர் தெரிந்தது. அதன் கீழே பிறந்த தேதி, அட்டை எண், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கம், தாயார் பிறந்த ஊர். இந்த விவரங்களை யாரும் எப்போதும் பார்த்துவிடக் கூடாது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தையற்காரி எழுந்து நின்று அதை அணைக்கச் சொன்னாள். அவள் குரல் இரண்டு வருடமாகக் காது கேளாதவரோடு பேசிப் பழகிய குரல். கூடம் அதிர்ந்தது.

மேலாளர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, இந்தப் பதற்றம்தான் வேணும். எல்லா வாடிக்கையாளருக்கும் இதே பதற்றம் வரணும்."

முன்வரிசையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகாம் முழுவதும் கவனம் சிதறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையைத் தூக்கி, மூன்றாவது வரி சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். மேலாளர் பெரிதாக்கினார். முடிவில் சிறந்த பங்கேற்பாளர் என்று அந்த முன்வரிசைக்காரருக்கு ஒரு குடையைப் பரிசளித்தார். எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். ஓட்டுநரும் தட்டினார். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. மற்றவர்கள் தட்டினால் தட்டுவது அவர் வழக்கம்.

சனியும் ஞாயிறும் நகரவே மாட்டேன் என்றன. திங்கட்கிழமை காலையில் தையற்காரி வேலைக்குப் போகும் வழியில் நின்று காப்புப் பிரிவுக்கு அழைத்தாள். சந்தேகம் எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். எடுத்த சரிபார்ப்பு அதிகாரியின் குரலில் அப்படி ஒரு உற்சாகம். சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிட்டது, சார் சனிக்கிழமையே பேசிவிட்டார் என்றாள். எல்லாக் கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னாராம். குரலைப் பதிவு செய்துகொண்டாராம். போன் எண்ணையும் முகவரியையும் மாற்றிக்கொண்டாராம். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அவளுக்கு ஆச்சரியமாம்.

தையற்காரி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை முழுவதும் ஓட்டுநர் வண்டியில் இருந்தார்.

அன்றைக்குள் கணக்கிலிருந்து நான்கு பெரிய ஒலிபெருக்கிகளும், ஓடிப் பழகும் இயந்திரம் ஒன்றும், ஆள் உயர மீன் தொட்டி ஒன்றும் வாங்கப்பட்டிருந்தன. எதற்கும் கணினி சந்தேகப்படவில்லை.

அவள் பணிமனைக்கு ஓடி, கணவரை வண்டியிலிருந்து இறக்கி, அப்படியே வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேலாளர் இருவரையும் உட்கார வைத்தார். பதிவான குரலை அவர்களுக்காக ஒலிக்கவிட்டார். மிருதுவான, சிரித்த முகத்தோடு பேசுகிற குரல். ஒவ்வொரு கேள்விக்கும் "கண்டிப்பா மேடம்" என்று தொடங்கி, பதில் சொல்லி, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்" என்று முடித்தது. கடைசியில் வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பாராட்டியது.

"இது என் வீட்டுக்காரர் குரல் இல்ல," என்றாள் தையற்காரி.

அப்படியானால் மாமியார் பிறந்த ஊர் அவருக்கு எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்டார். உங்கள் திரையில்தான் போட்டீர்களே என்றாள் அவள். அந்தத் திரை பாதுகாப்பு நோக்கத்திற்காகப் போடப்பட்டது, அதை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்துவது விதிப்படி குற்றம், ஆகவே யாரும் அப்படிச் செய்திருக்க வாய்ப்பில்லை என்றார் மேலாளர்.

இருந்தாலும் நடுநிலை தவறக் கூடாது என்று அவர் நினைத்தார். வாடிக்கையாளரையே கேட்டுவிடலாம் என்று பதிவிலிருந்த புது எண்ணுக்கு அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இங்கே ஒருவர் வந்து தாம்தான் நீங்கள் என்கிறார் என்று மேலாளர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அந்த மிருதுவான குரல் வருத்தப்பட்டது. கொஞ்ச நாளாகவே யாரோ தன்னைப் போல நடிப்பதாகவும், ஒரு பெண் கூடவே வந்து கத்துவதாகவும் கேள்விப்பட்டதாகச் சொன்னது. தன் கணக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மேலாளர் நெகிழ்ந்துபோய் உறுதியளித்தார்.

இவ்வளவு நேரமும் ஓட்டுநர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தார். கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மனைவியின் தோளைத் தொட்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"நீங்க நீங்க இல்லையாம்," என்று அவர் காதருகே கத்தினாள் அவள்.

ஓட்டுநர் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தார். "சரி, அப்ப நான் யாராம்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தையற்காரி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். திருடன் இந்நேரம் வேறு எதை வாங்குகிறானோ. வரும் வழியில் போலீசில் சொல்லியிருந்தார்கள்; வங்கி புகார் கொடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வங்கிக்குப் புகார் எதுவும் இல்லை. அதன் வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக இருந்தார். நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். போனைக் கணவர் கையில் திணித்து, வங்கிக்கு அழைத்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் மனதில் பட்ட உண்மையைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

ஓட்டுநர் அழைத்தார். தாயாரைக் கேட்டபோது டயரைப் பற்றிச் சொன்னார். அட்டையைக் கேட்டபோது சட்டையைப் பற்றிச் சொன்னார். முகவரியைக் கேட்டபோது முகவாயில் ஒன்றுமில்லை, சவரம் செய்தபோது பட்ட காயம்தான் என்றார். குரலும் பதிவோடு பொருந்தவில்லை. அவள் திரும்பவும் அழைக்கச் சொன்னாள். இரண்டாவது அழைப்பு முடிவதற்குள் கணக்கு மொத்தமாகப் பூட்டப்பட்டது. அட்டை செத்தது. காப்புப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரு திருடன் தடுத்து நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அது வங்கிக்குத் தெரியாது.

மேலாளருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே கணக்குக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேராலும் இப்போது அதைத் தொட முடியாது என்பதுதான். தையற்காரி மறுபடி போய் நின்றபோது அவர் பெருமையோடு சொன்னார்: "இப்ப எங்க வங்கியிலேயே ரொம்பப் பாதுகாப்பான கணக்கு உங்களோடதும்மா. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நானே நினைச்சாலும் முடியாது."

செவிச் சோதனையில் ஓட்டுநர் தேறவில்லை. காதில் பொருத்திய குழாயில் ஒலி வரும்போது கையைத் தூக்க வேண்டும். அவர் ஒலி வராதபோதெல்லாம் தூக்கினார். பணிமனை மேலாளர் நல்ல மனிதர். உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. கருவி வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள், அதுவரை வண்டிகளைக் கழுவுங்கள் என்றார். ஓட்டுநர் தான் ஓட்டிய வண்டியின் கண்ணாடிகளை வெளியிலிருந்து துடைத்தார். புதிதாக வந்தவன் அதைப் பின்னோக்கி எடுத்தபோது, நின்ற இடத்திலேயே இவர் கால் மிதித்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. அவளுக்கும் கத்தத் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் திரைச்சீலைக் கடைக்கு ஒரு வேலை வந்தது. காப்புப் பிரிவின் ஜன்னல்கள் வழியாக எதிர்க் கட்டடத்திலிருந்து கணினித் திரைகளைப் பார்க்க முடிகிறதென்று கண்டுபிடித்திருந்தார்கள். அவசரமாகத் தடித்த திரைகள் வேண்டுமாம். கடைக்காரர் தையற்காரியை அனுப்பினார். முன்பணத்தைக் கையோடு வாங்கி வரச் சொன்னார்.

அவள் அளவு நாடாவோடு போனாள். கதவுக்கு மேலிருந்த எண்ணை அழுத்தினாள். அதே அறை, அதே கண்ணாடி. மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நாடாவைத்தான் பார்த்தார். அவள் ஏணியில் ஏறி ஒவ்வொரு ஜன்னலாக அளந்தாள். கீழே எல்லா மேசைகளிலும் எல்லாருடைய கணக்குகளும் திறந்து கிடந்தன. இறங்கி வந்து, முன்பணம் வேண்டும் என்றாள். மேலாளர் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டுக் காசாளரிடம் போகச் சொன்னார். காசாளர் நோட்டுக்கட்டை நீட்டினார். பெயர் கேட்கவில்லை. தாயார் பிறந்த ஊர் கேட்கவில்லை. அவள் கவுன்டரை விட்டு நகராமல் நின்றாள்.

"வேற என்னம்மா?" என்றார் காசாளர்.

"நான் யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"திரை தைக்கிறவங்கதானே?" என்று அடுத்தவரைப் பார்த்துக் கையசைத்தார் அவர்.

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் நடந்தாள் என்று சொல்ல முடியாது, ஓடினாள். பணத்தைக் கடைக்காரரின் மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பொதுவாகச் சிரிக்காதவர். அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நோட்டுக்கட்டிலிருந்து அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்து, அதை மெதுவாகத் தைத்துக் கழித்துக்கொள் என்றார். தன் அட்டையிலேயே கருவிக்குப் பணமும் கட்டினார். அவர் வேறு வங்கி.

கருவி சொன்ன நாளில் வந்தது. மருத்துவர் அதைப் பொருத்தி, சிறிய திருகைத் திருப்பினார். வீட்டுக்கு வந்த தையற்காரி வழக்கம்போல, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். ஓட்டுநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா இப்படிக் கத்துற?" என்றார்.

இரண்டு வருடமாக அவள் சாதாரணக் குரலில் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்க வாயெடுத்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில், பால் பொங்குது என்றாள், மெல்ல. அது அவருக்குக் கேட்டது. பாலும் கேட்டது.

அடுத்த மாதச் சோதனையில் அவர் தேறி வண்டியில் ஏறினார். ஆனால் வங்கியில் இருந்த பணம் அங்கேயே பூட்டிக் கிடந்தது. திருடன் எடுத்தது போக மிச்சம் இருந்தது அவர்களுடைய பாதி வாழ்க்கை. சம்பளத்தை இருவரும் கையில் வாங்கிக்கொண்டார்கள். விடுமுறை நாட்களில் ஓட்டுநர் காப்புப் பிரிவுக்கு அழைத்துப் பார்த்தார். இப்போது கேள்விகள் தெளிவாகக் கேட்டன. தாயாரின் ஊரைச் சரியாகச் சொன்னார். அட்டை எண்ணைச் சொன்னார். எல்லாம் சரி, ஆனால் உங்கள் குரல் உங்கள் குரலோடு பொருந்தவில்லை என்று வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் இணைப்புக் கிடைக்கும்வரை நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படட்டும் என்று வங்கி ஒரு பதிவை ஒலிபரப்பியது. 'ஒத்துழைக்கும் வாடிக்கையாளர் எப்படிப் பேசுவார்? கேளுங்கள்.' அதன் பிறகு வந்தது அந்த மிருதுவான குரல். கண்டிப்பா மேடம். சொல்லுங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்.

தையற்காரிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஓட்டுநர் மட்டும் ஸ்பீக்கரில் போட்டு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "கண்டிப்பா மேடம்" என்று கேட்டது. கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால் போன் அணைந்து கிடந்தது. ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் கொஞ்ச நாள் பழகினார். மிருதுவாகப் பேசுவது அவருக்குச் சுலபமாக வரவில்லை. சாலையில் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டிப் பழகிய தொண்டை. அவள்தான் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்பாள். போதாது, இன்னும் குழையுங்க என்பாள். தன் கணவரைத் திருடனைப் போல நடிக்கச் சொல்வது அவளுக்கே பிடிக்கவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் அழைத்தார்கள். ஓட்டுநருக்கு வியர்த்தது. கால் மிதித்துக்கொண்டே இருந்தது. குரலில் மட்டும் வெண்ணெய் வழிந்தது. சரிபார்ப்பு அதிகாரி அடையாளம் கண்டுகொண்டு, எங்கே சார் போய்விட்டீர்கள் இத்தனை நாளாக என்று விசாரித்தாள். போன் தொலைந்துவிட்டது மேடம், எண்ணை மாற்றிக்கொள்ளலாமா என்றார் ஓட்டுநர். உங்களுக்கு இல்லாததா என்று அவள் மாற்றினாள். பூட்டைத் திறந்தாள். கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துக்கொள்ள விரும்புவதாக அவர் சொன்னபோது மட்டும் அவளுக்கு வருத்தமாக இருந்தது. முன்மாதிரி வாடிக்கையாளர் போகிறார் அல்லவா. விதிப்படி ஒரு கடைசிக் கேள்வி இருக்கிறது என்றாள்.

"இந்தக் கணக்கின் ரகசிய விவரங்களை யாராவது உங்களிடம் கேட்டதுண்டா?"

"உண்டு மேடம்," என்றார் ஓட்டுநர் மிருதுவாக. "நீங்க மட்டும்தான் மேடம்."

மிகவும் நல்லது சார் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

பணம் முழுவதும் வந்து சேர்ந்தது, ஒலிபெருக்கிகளும் மீன் தொட்டியும் நீங்கலாக. அடுத்த வாரம் இருவரும் கடைக்காரர் சொன்ன வங்கிக்குப் போனார்கள். சிறிய வங்கி. ஒரே ஒரு ஊழியர், எதிரே உட்கார வைத்து நேரில் பேசினார். விவரங்களையெல்லாம் நிரப்பிவிட்டு, இப்போது எல்லா இடத்திலும் இது வந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லி, ஒரு சிறிய ஒலிவாங்கியை ஓட்டுநர் பக்கம் நகர்த்தினார். பாதுகாப்புக்காகக் குரலைப் பதிவு செய்ய வேண்டுமாம். பெயரைச் சொன்னால் போதுமாம்.

ஓட்டுநர் குனிந்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து, ஊழியருக்குக் கேட்காமல் கேட்டார்:

"எந்தக் குரல்ல சொல்லட்டும்?"